உருக்காலைக்குள் கணக்கு நுழையட்டும்

2030-31க்குள் ஆண்டுக்கு 30 கோடி டன் எஃகு உற்பத்தித் திறன் என்பது 2017ஆம் ஆண்டு தேசிய எஃகுக் கொள்கை வகுத்த இலக்கு. சீனாவுக்கு அடுத்தபடியாக அதிக எஃகு உற்பத்தி செய்யும் இந்தியா, புதிய உலைகளை எழுப்புவதில் முனைப்பாகவே இருக்கிறது. ஆனால், ஒரு டன் எஃகுக்கு உலக அளவில் சராசரியாக இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு வெளியேறுகிறது; இந்தியாவிலோ சுமார் இரண்டரை டன். உலைக்குள் நடப்பதைக் கணித்துச் சொல்லும் கணினி மாதிரிகள் இல்லாமல் உலைகளை மட்டும் பெருக்கினால், விரயமும் சேர்ந்தே பெருகும்.

ஊதுலைக்குள் எவராலும் எட்டிப் பார்க்க முடியாது. சூடான காற்று பாயும் பகுதியில் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே கொட்டும் தாதும் கோக்கும் கீழே வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். கலவையில் நேரும் பிழை அடுத்த ஷிப்டில்தான் தெரியவரும். உலை குளிர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் கூடுதலாகப் போடும் கோக், செலவையும் புகையையும் ஒருசேர ஏற்றுகிறது.

தொடர் வார்ப்பில் ஆபத்து இன்னும் நெருக்கமானது. உருகிய எஃகு, நீரால் குளிரும் செப்பு அச்சுக்குள் இறங்குகிறது. ஒரு மீட்டருக்கும் குறைவான அந்த நீளத்தைக் கடப்பதற்குள் இறுகுவது ஓரிரு சென்டிமீட்டர் தோல் மட்டுமே, உள்ளே குழம்புதான். தோல் அச்சில் ஒட்டிக் கிழிந்தால் குழம்பு பீறிட்டுக் கொட்டும். வார்ப்பு நின்றுபோகும், தொழிலாளர் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. அச்சுச் சுவரில் பதித்த தெர்மோகப்பிள்களின் அளவீட்டைக் கொண்டு கிழிசலை முன்கூட்டியே கண்டு, வார்ப்பு வேகத்தைக் குறைக்கும் மென்பொருள்கள் பெரிய ஆலைகளில் புழக்கத்தில் உள்ளன. சிறிய ஆலைகளுக்கு அவை இன்னும் எட்டாக்கனி.

கணினி சொல்வது ஒன்று, களத்தில் நடப்பது வேறு என்று அனுபவசாலிகள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. நம் இரும்புத்தாதில் அலுமினா அதிகம். நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம். வேறு மூலப்பொருளுக்காக எழுதிய கணக்கு இங்கே சறுக்கத்தான் செய்யும். அதற்காகக் கணக்கையே கைவிடுவதா? நம் தாதுக்கும் நம் உலைக்கும் ஏற்ற மாதிரிகளை நாமே எழுத வேண்டும். உலையோடு வாழ்ந்த ஃபோர்மேன்களும் அந்த வேலையில் உடனிருக்க வேண்டும்.

அதற்குத் தேவையான தரவுகள் ஆலைகளின் பதிவேடுகளில் முடங்கிக் கிடக்கின்றன. சேலம் முதல் பிலாய் வரை பொதுத்துறை உருக்காலைகள், வணிக ரகசியம் நீங்கலாக, அவற்றை ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகத்துக்கும் சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி போன்ற கல்வி நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டும். அரசுப் பணத்தில் உருவாகும் மாதிரிகள் சிறிய ஆலைகளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். விரிவாக்கத் திட்டம் ஒவ்வொன்றிலும் உணரிகளுக்கும் மாதிரிகளுக்கும் தனி நிதி ஒதுக்குவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இறக்குமதியாகும் எஃகின் கரிம உமிழ்வுக்கு 2026 ஜனவரி முதல் விலை வைக்கிறது ஐரோப்பிய ஒன்றியம். அந்த விலையைக் கட்டிக்கொண்டே இருப்பதைவிட, அந்தப் பணத்தை நம் உலைகளைப் புரிந்துகொள்ளச் செலவிடுவதே விவேகம். எஃகு அமைச்சகம் இனியும் தாமதிக்கக் கூடாது.