புதிய மண்ணில் ஓர் இளம் பிள்ளை



ஊர் மாறிப் போவதற்கு மிகவும் கடினமான வயது எது என்று கேட்டால், பதினைந்து என்றே சொல்ல வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையை எங்கே கொண்டு போனாலும் உம்மாவின் மடி இருக்கும் இடமே அதற்கு வீடு. இருபத்தைந்து வயதுக்காரன் தன் இஷ்டப்படி ஊரைத் தேடிப் போகிறான். பதினைந்து வயதுப் பிள்ளையோ தானாகப் போவதும் இல்லை, மடியில் இருந்து போவதும் இல்லை. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ உத்தியோகம் கிடைத்து விட்டது என்பதற்காக நண்பர்களையும் தெருவையும் பாடசாலையையும் விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுகிறது.

அப்படியான ஒரு பிள்ளையை உலகத்தின் வடகோடியில் வைத்து இம்மாதம் பார்ப்போம். கனடாவின் ஒட்டாவா, ரொறன்ரோ, மொன்றியல் போன்ற பெருநகரங்களிலிருந்து ஆசிரியர், தாதி, அரசாங்க உத்தியோகத்தர் என்று பலர் குடும்பத்தோடு நுனாவுட் பிரதேசத்துக்குப் போகிறார்கள். அது இனுயிட் மக்களின் நாடு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘எஸ்கிமோக்கள்’ என்று நாம் படித்தது இவர்களைத்தான். அது பிறர் வைத்த பெயர். அவர்களில் அதிகமானோர் அதை விரும்புவதில்லை. ‘இனுயிட்’ என்றால் அவர்கள் பாஷையில் மக்கள் என்று பொருள். ஒருவரைச் சொன்னால் ‘இனுக்’.

அந்தப் பிள்ளை நீங்கள்தான் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒட்டாவாவில் விமானம் ஏறி, சுமார் 2,100 கிலோ மீற்றர் வடக்கே பறந்து, இக்காலுயிட் என்ற தலைநகரில் இறங்குகிறீர்கள். தலைநகரம் என்றதும் பெரிதாக எண்ணி விடாதீர்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்த சனத்தொகை 7,429. நுனாவுட் முழுவதிலும் சேர்த்து 37,000 பேருக்கும் குறைவு. நிலப்பரப்போ இருபது இலட்சம் சதுர கிலோ மீற்றர். 25 ஊர்கள் இருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்குப் போகப் பெருந்தெரு கிடையாது. ஆகாயத்தால் போக வேண்டும், அல்லது பனியின் மேல் ஓடும் வண்டியில் போக வேண்டும். கடல் உறைந்து விடுவதால் சரக்குக் கப்பல்கள் கோடைகாலத்துச் சில மாதங்களில் மாத்திரமே வரும். பாலும் பழமும் மரக்கறியும் விமானத்தில் வருவதால் அவற்றின் விலை தெற்கு நகரங்களில் உள்ளதை விடப் பல மடங்கு.

ஜனவரியில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையையும் தாண்டி இறங்கும். டிசம்பர் மாதக் கடைசியில் பகல் வெளிச்சம் சுமார் நாலரை மணித்தியாலம்தான். ஜூன் மாதத்திலோ சுமார் 21 மணித்தியாலம் சூரியன் மறையாது. நிலத்தடி மண் வருடம் முழுவதும் உறைந்தே கிடப்பதால் வீடுகளைக் கால்களின் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மரம் ஒன்றையும் காண மாட்டீர்கள்.

முதல் மாதம் இதையெல்லாம் பார்த்துக் கழிந்து விடும். இரண்டாவது மாதத்தில்தான் சோதனை தொடங்குகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கே இருட்டு. பஸ் ஏறிப் போக ஓர் இடமில்லை. பனிப்புயல் அடித்தால் விமானம் வராது. விமானம் வராவிட்டால் எதிர்பார்த்த பொதியும் வராது. அப்போது அந்த ஊர் முதியவர் ஒருவர் ‘அயுர்நர்மட்’ என்று சொல்லக் கேட்பீர்கள். ‘நம் கையில் இல்லாத விடயம்’ என்பது அதன் கருத்து. சோம்பேறியின் சொல் அல்ல அது. செய்யக் கூடியதைச் செய்து முடித்த பிறகு, செய்ய முடியாததை எண்ணிப் புலம்பாதே என்ற பொறுமையின் சொல்.

இனிப் பாடசாலைக்கு வருவோம். பக்கத்து வாங்கில் இருக்கும் மாணவனிடம் ஏதோ கேட்கிறீர்கள். அவன் வாய் திறக்கவில்லை. மீண்டும் கேட்கிறீர்கள், அப்போதும் இல்லை. ‘என்னை மதிக்கவில்லை’ என்று உங்கள் முகம் சிவக்கிறது. உண்மையில் அவன் இரண்டு தடவையும் பதில் சொல்லி விட்டான். இனுயிட் மக்கள் புருவத்தை உயர்த்தினால் ‘ஆம்’. மூக்கைச் சுருக்கினால் ‘இல்லை’. வாயால் சொல்வதாக இருந்தால் ‘ஈ’ என்றால் ஆம், ‘ஆக்கா’ என்றால் இல்லை. நீங்கள் அவன் வாயைப் பார்த்துக் கொண்டிருந்தீர்கள். அவனோ கண்ணால் பேசினான். ஒருவருடைய மொழி தெரியாத காரணத்தால் அவரை மரியாதை தெரியாதவர் என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் நம் எல்லோரிடமும் இருக்கிறது அல்லவா?

கேள்வி கேட்பதைக் கெட்டித்தனம் என்று நகரத்துப் பாடசாலை நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. அங்கே பழைய முறை வேறு. பார்த்துப் படிக்க வேண்டும். மீன் பிடிக்க பனிக்கட்டியில் துளையிடும் பெரியவரிடம் ‘ஏன், எப்படி, எத்தனை அடி’ என்று அடுக்கிக் கொண்டே போகும் பிள்ளையைக் கண்டால் அவர் சிரித்துக் கொள்வார். அருகில் நின்று அவர் கையைக் கவனித்து, மறுநாள் தானாகச் செய்து பார்க்கும் பிள்ளையைத்தான் அவர் பிறகும் கூட்டிப் போவார்.

இன்னொரு விடயம் உங்களை வியப்பில் ஆழ்த்தும். ஒரு மூதாட்டி நாலு வயதுப் பேரனைப் பார்த்து ‘என் வாப்பா’ என்று அழைப்பதைக் கேட்பீர்கள். காலமான ஒருவரின் பெயரைப் பிறக்கும் பிள்ளைக்கு வைத்து, அந்தப் பெயருக்குரிய உறவு முறையையும் மரியாதையையும் பிள்ளைக்குச் சேர்த்தே கொடுப்பது அவர்கள் வழக்கம். பின்னணியில் அவர்களுக்கென்று நம்பிக்கைகள் உண்டு, அவை அவர்களுடையவை. ஆனால் ஒரு சிறுவனை அடிக்கக் கை ஓங்கும் போது ‘இது என் தகப்பனின் பெயர்’ என்ற நினைவு அந்தக் கையைத் தாழ்த்தி விடும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

அடுத்தது சாப்பாடு. கடல் நாய் எனப்படும் ஸீல், கரிபு மான், ஆர்க்டிக் சார் மீன், திமிங்கிலத்தின் தோலோடு சேர்ந்த கொழுப்பு ஆகியவை அவர்களது உணவு. பலவற்றை உறைந்தபடி பச்சையாகவே அறுத்து உண்பார்கள். பெண்கள் ‘உலு’ என்ற பிறை வடிவக் கத்தியால் அறுத்துப் பங்கு வைப்பார்கள். உங்கள் மார்க்கம் எதை அனுமதிக்கிறதோ அதை உண்ணுங்கள், மற்றதை நன்றி சொல்லி ஒதுக்குங்கள். நன்றிக்கு ‘குயன்னமீக்’ என்பார்கள். உண்ணாமல் இருப்பது ஒரு விடயம்; முகத்தைச் சுளிப்பது வேறு விடயம். உணவைக் குறை கூறாமல் விட்டு விடுவதே நமக்குக் கற்றுத் தரப்பட்ட அதபு.

நகரத்துப் பிள்ளை பலவேளை இன்னொரு எண்ணத்தோடும் வருவதுண்டு: ‘பாவம், அந்த ஸீலைக் கொல்லலாமா?’ அந்த இரக்கத்தை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் நடந்ததை அறிந்து பேச வேண்டும். 1983இல் ஐரோப்பிய நாடுகள் ஸீல் குட்டிகளின் வெள்ளைத் தோலை இறக்குமதி செய்வதைத் தடுத்தன. இனுயிட் மக்கள் வேட்டையாடியது அந்தக் குட்டிகளை அல்ல. என்றாலும் தோல் சந்தை முழுவதுமே விழுந்தது. துப்பாக்கி ரவைக்கும் எரிபொருளுக்கும் வேண்டிய பணத்தை வேட்டைக்காரர்கள் அந்தத் தோலிலிருந்தே பெற்று வந்தார்கள். வேட்டை குறைந்ததும் கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. வாங்கப் பணம் இல்லை. தூரத்து நகரத்தில் நல்லெண்ணத்தோடு செய்த ஒரு காரியம் ஏழையின் அடுப்பை அணைத்து விட்டது.

ஒரு சிறுவன் முதன்முதலாகப் பிடிக்கும் ஸீலை அவன் வீட்டில் வைத்துக் கொள்வதில்லை. ஊருக்குப் பங்கிட்டு விடுகிறார்கள். ‘நீ இனி மற்றவருக்கு உணவளிக்கக் கூடியவன்’ என்ற பட்டம் அது. நமது பிள்ளைகளின் முதல் சம்பளத்தை நினைத்துப் பார்க்கலாம்.

கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜீன் பிறிக்ஸ் என்ற மானிடவியலாளர் 1963 முதல் 1965 வரை, வடகனடாவில் பாக் ஆற்றின் முகத்துவாரத்தில் வாழ்ந்த ஓர் இனுயிட் குடும்பத்தில் வளர்ப்பு மகளாகத் தங்கியிருந்தார். தெற்கிலிருந்து பொழுதுபோக்காக மீன் பிடிக்க வந்தவர்கள் அந்த மக்களின் ஓடமொன்றை இரவல் வாங்கி உடைத்து விட்டு, மற்றதையும் கேட்டார்கள். பிறிக்ஸ் அவர்களைக் கடிந்து பேசினார். நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தின் கண்ணில், வளர்ந்த ஒருவர் கோபத்தை வெளிக்காட்டுவது பிள்ளைத்தனம், ஆபத்தும் கூட. அதன் பிறகு சுமார் மூன்று மாதங்கள் அவரை மரியாதையாகவே, ஆனால் தூரத்தில் வைத்து நடத்தினார்கள். ஒருவரும் ஏசவில்லை. இந்த அனுபவத்தை அவர் 1970இல் நூலாக எழுதினார். கதவை அடித்துச் சாத்தும் பழக்கமுள்ள இளைஞருக்கு இது பெரிய படிப்பினை. கோபத்தை அடக்குபவனே வீரன் என்று நாம் வாயால் சொல்லி வருகிறோம். பனி நாட்டில் ஒரு சமூகம் அதை வாழ்ந்து காட்டியிருக்கிறது.

இவ்வளவையும் கற்றுக் கொண்ட பிறகும் அந்த வகுப்பு மாணவன் உங்களோடு நெருங்காமல் இருக்கலாம். காரணத்தைக் கேளுங்கள். முதலாம் வகுப்பிலிருந்து அவன் எத்தனை ஆசிரியர்களைக் கண்டிருப்பான்? வருவார்கள், இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்ததும் போய் விடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் போய் விடுவார்கள். ஒவ்வொரு முறையும் நட்பை இழந்தவன் அடுத்த முறை மனதைத் திறக்கத் தயங்குகிறான்.

இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1950களிலிருந்து இனுயிட் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பாடசாலைகளுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. இதற்காகக் கனடா அரசாங்கம் 2008இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 1953இல் கியூபெக்கின் வடக்கிலுள்ள இனுக்ஜுவாக் என்ற ஊரிலிருந்து குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, சுமார் 2,000 கிலோ மீற்றர் வடக்கே ரெசலூட், கிறீஸ் ஃபியோர்ட் என்ற இடங்களில் இறக்கினார்கள். அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே எழுவதில்லை. முதல் குளிரைக் கூடாரங்களில் கழித்தார்கள். ‘பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம்’ என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வாக்கு நிறைவேற்றப்படவில்லை. அதற்கான மன்னிப்பு 2010இல்தான் வந்தது.

‘இரண்டு வருடம் எப்போது முடியும்’ என்று கலண்டரைப் பார்க்கும் பிள்ளையே! அதே இரண்டு வருடத்தை நம்பி, திரும்ப முடியாமலே மௌத்தானவர்கள் அந்த மண்ணில் அடங்கியிருக்கிறார்கள். உங்களுக்குத் திரும்பிப் போக விமானச் சீட்டு இருக்கிறது. அதுவே பெரிய நிஃமத்.

வேதனையான மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. இளைஞர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொள்வது அங்கே கனடாவின் சராசரியை விடப் பல மடங்கு அதிகம். 2015 ஒக்டோபரில் நுனாவுட் அரசாங்கம் இதை நெருக்கடி நிலையாக அறிவித்தது. உங்கள் வகுப்பிலேயே ஒரு வாங்கு வெறுமையாகலாம். அப்படியான ஊரில் ‘இது என்ன ஊர்’ என்ற உங்கள் ஏளனப் பேச்சு யாருடைய காதில் விழுகிறது என்று யோசியுங்கள். ஒருவனோடு சேர்ந்து மீன் பிடிக்கப் போவதும், அவன் வீட்டில் பேசாமல் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பதும் சிறிய காரியங்கள் அல்ல.

நம்மவர்களும் அங்கே இருக்கிறார்கள் என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இக்காலுயிட்டில் 2016இல் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2010இல், மேற்கே இனுவிக் என்ற ஊருக்கு வின்னிபெக்கில் கட்டிய ஒரு பள்ளிவாசலை லொறியிலும் ஆற்றுப் படகிலுமாகச் சுமார் 4,000 கிலோ மீற்றர் கொண்டு போனார்கள். பின்னர் அங்கே எல்லா மக்களுக்குமான உணவு வங்கியும் தொடங்கப்பட்டது. கோடையில் ரமழான் வந்தால் பகல் இவ்வளவு நீளமாக இருப்பதால், இக்காலுயிட்டில் சிலர் ஒட்டாவாவின் நேரப்படி நோன்பு நோற்றிருக்கிறார்கள். பள்ளிவாசல் இருக்கிறதென்று அதற்குள்ளேயே ஒதுங்கி விடாமல், அயலவரின் பசியையும் பார்த்தார்களே, அதுதான் குடியேறியவருக்கு அழகு.

பெற்றோர்களே! உங்களுக்கும் சில வார்த்தைகள். இப்படி ஒரு பயணம் உங்கள் குடும்பத்துக்கு வந்தால், ஒப்பமிட்ட பிறகு பிள்ளைக்கு அறிவிக்காதீர்கள். ஒப்பமிட முன் பேசுங்கள். பழைய நண்பர்களை நினைத்து அழுதால் அழ விடுங்கள், நன்றி கெட்ட பிள்ளை என்று ஏசாதீர்கள். இருட்டு மாதங்களில் நித்திரை நேரத்தைக் கட்டுப்பாடாக வைத்திருங்கள். நண்பகலில் இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தில் வெளியே அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பாட்டு மேசையில் அந்த ஊரையும் மக்களையும் பழித்துப் பேசாதீர்கள். பிள்ளை மறுநாள் அந்த மக்களுடைய பிள்ளைகளுக்கு மத்தியில்தான் போய் உட்கார வேண்டும்.

இளைஞர்களே! எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாரத்தில் பத்துச் சொற்களைப் படியுங்கள். ‘எங்கள் ஊரில் அப்படி, இப்படி’ என்ற பேச்சை ஆறு மாதம் நிறுத்தி வையுங்கள். போகும் நாள் வந்தால் சொல்லாமல் போகாதீர்கள். வீடு வீடாகச் சென்று ஸலாமும் நன்றியும் சொல்லி விடைபெறுங்கள்; போன பிறகும் கடிதமோ தொலைபேசி அழைப்போ நிற்காதிருக்கட்டும். உங்களுக்குப் பிறகு வரும் புதுப் பிள்ளைக்கு அந்த வகுப்பு மாணவன் மனதைத் திறப்பானா, மாட்டானா என்பது நீங்கள் விடைபெற்றுப் போன விதத்தில் தங்கியிருக்கிறது.