விளக்கை அணைப்பது பழுது நீக்குவதாகாது



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை, ஸ்ரீரங்கத்தில் நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவரைச் சந்தித்துவிட்டுக் கே.கே. நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அப்போது என் காரின் முகப்பில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் வடிவ விளக்கு எரிந்தது. சற்று நேரம் சிமிட்டவும் செய்தது. அது முதல்முறை அன்று. இரண்டு வாரங்களுக்கு முன்பும் எரிந்திருந்தது. அன்று நண்பர் ஒருவர் சொன்னபடி, பேட்டரியின் ஒயரைப் பத்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் மாட்டினேன். விளக்கு அணைந்தது. பழுதும் தீர்ந்தது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

இந்த வாரம் அந்தச் செயலைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். நம் சபையாரில் பலர் பத்து ஆண்டுகளைக் கடந்த கார்களை வைத்திருக்கிறீர்கள். பழைய கார் வைத்திருப்பதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் அது உண்மையைச் சொல்லும்போது அதன் வாயை அடைப்பது குற்றம் என்பதே என் கருத்து.

முதலில் அந்த விளக்கு எதற்காக வைக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்ளுங்கள். என்ஜினைக் காப்பதற்காக மட்டும் அது வைக்கப்படவில்லை. காற்றைக் காப்பதற்காகவும் வைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல், புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கார் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2010 ஏப்ரலில் அதன் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. அவ்விதிகள் 2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. ஆகவே மஞ்சள் விளக்கு எரியும்போது, பெரும்பாலும் அது சொல்வது, ‘நான் விடும் புகை அளவு மீறக்கூடும்’ என்பதே.

சைலன்சர் குழாயின் வழியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்றொரு பாகம் உண்டு. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடையும், எரியாத பெட்ரோலின் ஆவியையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதன் வேலை. அன்றைய மெட்ராஸ் உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995ஆம் ஆண்டு புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார்கள் இருக்கும். முன்னதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்தால் பின்னது அமைதியாக இருக்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால், கார் ‘பி0420’ என்னும் குறியீட்டைப் பதிவு செய்து விளக்கை ஏற்றும்.

என் காரில் இருந்தவை இரண்டு குறியீடுகள்: பி0420, பி0301. நான் முதலில் சென்ற பட்டறையில் ஸ்கேனரை மாட்டி முதற்குறியீட்டை மட்டுமே பார்த்தார்கள். “கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று பல பதினாயிரம் ரூபாய் சொன்னார்கள். கலக்கத்தோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் நம் பகுதியிலேயே சிறிய கொட்டகையில் வேலை செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் கருவியை எடுக்குமுன் என்னிடம் கேட்டார்: “ஐயா, விளக்கு நிலையாக எரிந்ததா, சிமிட்டியதா?” பாலத்தில் சிமிட்டியது என்றேன். “அப்படியென்றால் சிலிண்டர் மிஸ் ஆகிறது ஐயா. அதை முதலில் பார்ப்போம்” என்றார். பி0301 என்பதன் பொருளும் அதுவே: முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. உடனே அவர் எதையும் வாங்கச் சொல்லவில்லை. முதல் சிலிண்டரின் இக்னீஷன் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை முதலிலும் மாற்றி மாட்டினார். குறியீடுகளை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிவந்தோம். இப்போது காட்டியது பி0302. பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறியிருந்தது. வேறு சான்று வேண்டுமா? காயிலையும் தேய்ந்துபோன பிளக்குகளையும் மாற்றினார். முதல் பட்டறை கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதன்பின் பல நாள் ஓட்டி, கன்வெர்ட்டரின் சுயசோதனை முடிந்ததா என்று மறுபடியும் ஸ்கேனரில் பார்த்தார். பி0420 திரும்பி வரவில்லை.

இதிலிருந்து நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு. குறியீடு என்பது முறையீடு; அது தீர்ப்பு அன்று. பி0420 வந்ததால் கன்வெர்ட்டர்தான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. சைலன்சர் குழாயின் கேஸ்கட்டில் கசிவு, சென்சாரின் கோளாறு, மிஸ் ஆகும் சிலிண்டர் ஆகியவற்றாலும் அது வரலாம். எனவே, எந்தச் சோதனையால் அந்தப் பாகம்தான் கெட்டது என்று கண்டீர்கள் என மரியாதையோடு கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

விளக்கு நிலையாக எரிந்தால், வண்டியில் வேறு மாறுதல் தெரியாதவரை, சில நாளுக்குள் காட்டலாம். சிமிட்டினால் காலைத் தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று எரியும். அந்தச் சூட்டில் பீங்கான் கூடே உருகிவிடும். சிறிய செலவு பெருஞ்செலவாவது அப்படித்தான்.

பெட்ரோல் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்று வெளிநாட்டுக் காணொளிகளில் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கக் கார்களுக்கு அது பொருந்தும். நம் நாட்டின் பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கசிவுச் சோதனையே இல்லை.

பேட்டரி ஒயரைக் கழற்றியதால் நான் இழந்தது என்ன? பழுது நேர்ந்த கணத்தில் வேகம், சூடு, என்ஜினின் சுமை ஆகியவை என்னவென்று கார் எழுதி வைத்திருக்கும். மருத்துவருக்கு நோயாளியின் குறிப்பேடு எப்படியோ, மெக்கானிக்குக் அந்தப் பதிவு அப்படி. அதை நானே அழித்தேன். இரண்டு வாரம் கன்வெர்ட்டரை வாட்டினேன். உண்மையாகப் பழுது நீங்கியிருந்தால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை காணாதபோது விளக்கு தானாகவே அணைந்துவிடும். நாம் அணைக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி, சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற முறை புகைப் பரிசோதனைச் சான்று வாங்கியபோது, சைலன்சருக்குள் குழாயைச் செலுத்தாமலே ஒருவர் சான்றை அச்சிட்டுக் கொடுத்தார். நேரமில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். என் வண்டி சுத்தமானது என்று ஒரு தாள் சாட்சி சொன்னது. அது பொய்ச்சாட்சி என்று எனக்குத் தெரியும். பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் காரின் புகையில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. என் காரில் அது எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது, அளக்கவில்லையே! மாசு வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல்முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் என்னை உறுத்தியது அபராதம் அன்று. டி.வி.எஸ். டோல்கேட்டில் சிக்னலுக்காக நிற்கும்போது என் சைலன்சருக்கு நேர் பின்னால் நிற்பவர், குழந்தையை முன்னால் உட்காரவைத்த இருசக்கர வாகனக்காரர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான் குளிரில் அமர்ந்திருக்கிறேன். என் சிக்கனத்தின் விலையை அந்தக் குழந்தையின் நுரையீரல் செலுத்துகிறது. பிறனை நேசிப்பதைப் பற்றிப் பீடத்தில் நின்று பேசுகிறவன் இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

“சான்று கிடைத்துவிட்டதே, விளக்கைப் பற்றி என்ன கவலை?” என்று சிலர் கேட்கலாம். பெட்ரோல் காரின் சான்றுச் சோதனை, நின்ற நிலையில் ஓடும் வண்டியின் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதில்லை. நின்றபோது தேறிய வண்டி, பாலத்தின் ஏற்றத்தில் தவறலாம். ஓடும்போது கவனிப்பது அந்த மஞ்சள் விளக்குதான். சான்று வழங்கும் இடத்திலேயே ஸ்கேனரையும் மாட்டிப் பார்க்கும் விதி வர வேண்டும் என்பது என் விருப்பம். அதுவரை அந்தப் பொறுப்பு நம்முடையதே.

“பணம் இல்லை ஐயா” என்பீர்கள். உங்கள் நெருக்கடியை நான் அறிவேன். அதனால்தான் மலிவானதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்: குறியீடுகள் எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்குங்கள், ஏர் ஃபில்டர், பிளக், வெடித்த ரப்பர்க் குழாய்கள், கழன்ற ஒயர்கள் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், பெரிய பாகத்தைக் கடைசியில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து காரில் ஏறியதும், என்ஜினை இயக்குமுன் சாவியை ஒரு நிலை மட்டும் திருப்பிப் பாருங்கள். அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி திருப்பியும் எரியவில்லையென்றால், விளக்கே கெட்டிருக்கலாம்; அல்லது உங்களுக்கு முன் அந்த வண்டியை வைத்திருந்தவர் அதை வாயடைத்து விற்றிருக்கலாம். எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட அது ஆபத்தானது. அப்படி ஒரு வண்டி உங்களிடம் இருந்தால் என்னிடம் வாருங்கள்; அந்தக் கொட்டகைக்கு நானே அழைத்துச் செல்கிறேன்.