வியாதியஸ்தரைக் கேட்டீர்களா?

புற்றுநோய் கண்ட ஒருவருக்கு எந்த வைத்தியம் செய்வது என்கின்ற பேச்சு வந்தால் டாக்டர் பேசுகிறார், அண்ணன் தம்பிமார் பேசுகிறார்கள், மாமனார் பேசுகிறார், ஜோசியன்கூட வந்து பேசுகிறான். கத்திக்கும் மருந்துக்கும் உடம்பைக் கொடுக்க வேண்டிய அந்த ஒருவர் மாத்திரம் வாய் திறக்கக்கூடாது. அவர் பெண்ணாயிருந்துவிட்டாலோ சொல்லவே வேண்டியதில்லை. பல வீடுகளில் வியாதியின் பெயரைக்கூட அவரிடம் சொல்லுவதில்லை. இதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எந்த வைத்தியம் நல்லது என்பதற்கு வைத்திய சாஸ்திரம் மாத்திரம் பதில் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1981-ம் வருஷத்தில் பார்பரா மக்னீல் என்ற அம்மையாரும் அவரது கூட்டாளிகளும் நல்ல சுகத்தோடிருந்த 37 பேரை ஒரு கேள்வி கேட்டார்கள். தொண்டையில் புற்று வந்தால், குரல்வளையை அறுத்தெடுத்துவிட்டு அதிக காலம் வாழச் சம்மதமா? அல்லது, பிழைக்கும் வாய்ப்புக் குறைந்தாலும், கதிர்ச் சிகிச்சை செய்துகொண்டு குரலோடு இருக்கச் சம்மதமா? ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் குரல்தான் வேண்டுமென்றார்கள். இவர்களை முட்டாள்கள் என்று யார் சொல்ல முடியும்? ஆயுளின் நீளத்தை டாக்டர் கணக்குப் போடலாம். அந்த ஆயுள் எவ்வளவு பெறும் என்பதை அதை வாழப்போகிறவரல்லவா சொல்ல வேண்டும்?

சரி, கேட்பதென்றால் எப்படிக் கேட்பது? சங்கடமெல்லாம் இதில்தான் இருக்கிறது. 1982-ல் அந்த அம்மையார் கூட்டத்தாரே நுரையீரல் புற்றைப்பற்றிய ஒரே கணக்கை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு சாராரிடம், "ஆபரேஷன் செய்துகொண்ட 100 பேரில் 90 பேர் அதைத் தாண்டிப் பிழைக்கிறார்கள், ஐந்து வருஷம் சென்று 34 பேர் உயிரோடிருக்கிறார்கள். கதிர்ச் சிகிச்சையை 100 பேரும் தாண்டுகிறார்கள், ஐந்து வருஷம் சென்று 22 பேர் இருக்கிறார்கள்" என்ற விதமாகச் சொன்னார்கள். மற்றொரு சாராரிடம், ஆபரேஷனில் 10 பேர் சாகிறார்கள், ஐந்து வருஷத்துக்குள் 66 பேர் சாகிறார்கள். கதிரில் அப்போது யாரும் சாவதில்லை, ஐந்து வருஷத்துக்குள் 78 பேர் சாகிறார்கள் என்று சாவையே எண்ணிக் காட்டினார்கள். கணக்கில் ஒரு தம்பிடி வித்தியாசம் கிடையாது. அப்படியிருந்தும் கதிர் வேண்டுமென்றவர்கள் முதல் சாராரில் 100-க்கு 18 பேர். இரண்டாவது சாராரில் 44 பேர்! பாமரர்கள் ஏமாந்தார்கள் போலும் என்று எண்ண வேண்டாம். கேட்கப்பட்டவர்களில் நானூறு டாக்டர்களுக்கு மேல் இருந்தார்கள். அவர்களும் மற்றவர்களைப் போலவேதான் சாய்ந்தார்கள்.

1990-ல் இங்கிலாந்தில், எவ்வளவு பலன் இருந்தால் கடுமையான மருந்து வைத்தியத்தைச் சகித்துக்கொள்வீர்கள் என்று பல தரத்தாரையும் கேட்டார்கள். நோய் கண்டவர்கள் மிகச் சொற்ப நம்பிக்கைக்கும் சம்மதித்தார்கள். டாக்டர்களும், நர்சுகளும், சுகமாயிருந்தவர்களும் அவ்வளவு சுலபமாய்ச் சம்மதிக்கவில்லை. ஆகவே "பாவம், இவர் தாங்கமாட்டார்" என்று பக்கத்திலிருப்பவர் சொல்லுவது பக்கத்திலிருப்பவருடைய அபிப்பிராயமே ஒழிய நோயாளியினுடையதல்ல. முன்சொன்ன 37 பேரும் சுகமாயிருந்தவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

டாக்டர் பிழைப்பவர் தொகையைச் சொன்னால் சாகிறவர் தொகையையும் சேர்த்தே சொல்லட்டும். அதை மாமனாரிடமல்ல, வியாதியஸ்தரிடமே, கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லட்டும். அவர் சொன்ன பதிலோடு தேதியையும் எழுதிவைத்துக்கொண்டு, சில வாரம் சென்று இன்னொரு தடவையும் கேட்கட்டும்.