சார்ஜருக்கு மானியம், காற்றுக்குக் கைவிரிப்பு

மின்வாகனங்களுக்கான மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய். நாடு முழுக்க 72,000-க்கும் மேற்பட்ட சார்ஜர்கள் இலக்கு. டிரான்ஸ்ஃபார்மருக்கு மானியம், கேபிளுக்கு மானியம், சார்ஜருக்கு மானியம். டயருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசர் மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அற்ப விஷயம் என்று சிரிப்பவர்கள் ஒரு சனிக்கிழமை காலை காரமடையில் வந்து நிற்கட்டும். கோவையிலிருந்து ஊட்டிக்குப் போகிற பச்சை நம்பர் பிளேட் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். உள்ளே குடும்பமே உட்கார்ந்திருக்கும், பின்னால் பெட்டி படுக்கை. கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்ப்பார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த டயர்களில் எத்தனை பவுண்டு காற்று இருக்கிறது என்பது பெரும்பாலும் வண்டிக்காரருக்கே தெரியாது.

தெரியாததற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் பங்கில் இலவசக் காற்று என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதிமுறைப்படி கட்டாயம். பல இடங்களில் மீட்டர் வேலை செய்யாது, பையனைத் தேட வேண்டும். அது வேறு கதை. ஆனாலும் பெட்ரோல் கார் வாரம் ஒருமுறையாவது அந்தக் குழாயைக் கடந்துதான் போகும். மின்காரோ ராத்திரி வீட்டு வாசலிலேயே சார்ஜ் ஏறிவிடுகிறது. பெட்ரோலை விட்டவர்கள் காற்றைப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்தே விட்டுவிட்டார்கள்.

போதாக்குறைக்கு 2020-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஸ்டெப்னிக்கும் விடை கொடுத்தது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பங்சர் ஒட்டும் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் மாற்று டயர் வேண்டியதில்லை. பேட்டரிக்கு இடம் கிடைக்குமே என்பதும் அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று.

சரி, எவ்வளவு காற்று வைப்பது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இருக்கும் எண்தான் விடை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. பேட்டரியின் எடையால் மின்காருக்கு இந்த எண் பொதுவாகக் கூடுதல். டெஸ்லா மாடல் 3-க்கு 42 பி.எஸ்.ஐ. வரை போகிறது. நம்மூர் பங்கிலோ, "முப்பத்திரண்டு வெச்சுடட்டுங்களா? எல்லா வண்டிக்கும் அதானுங்க" என்பதுதான் வேதவாக்கு.

இன்னொரு சங்கடம். ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. வண்டி சில மணி நேரம் நின்றிருக்க வேண்டும். காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகி அழுத்தம் ஏறிவிடும். பங்க்காரர் 'ஜாஸ்தியா இருக்கு' என்று கொஞ்சம் இறக்கிவிடுவார். மறுநாள் காலை வாசலில் நிற்பது காற்றுக் குறைந்த வண்டி.

மலை ஏறுமுன் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது இங்கே பரவலான நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற்றம். மேலே வளிமண்டல அழுத்தம் குறைவதால் மீட்டரில் 3 பி.எஸ்.ஐ. போலக் கூடும். வெயில் 20 டிகிரி இறங்கினால் அதே அளவு குறையும். சரிக்குச் சரி. எதையும் குறைக்க வேண்டியதில்லை. இறக்கத்தில், மோட்டாரே வேகத்தை மட்டுப்படுத்தும் ரீஜென் பிரேக் போடும்போது மொத்த எடையையும் இழுத்துப் பிடிப்பது மோட்டாரோடு சேர்ந்த இரண்டு சக்கரங்கள்தான் (இங்கே ஓடும் பல மின்கார்களில் முன்சக்கரங்கள்). அங்கே காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும்.

'அதான் டாஷ்போர்டில் விளக்கு எரியுமே' என்கிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காத வரலாறு. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் காருக்கு ஃபயர்ஸ்டோன் டயர். வண்டி சொகுசாகப் போகவும் கவிழாமல் இருக்கவும் ஃபோர்டு பரிந்துரைத்தது 26 பி.எஸ்.ஐ. டயர் கம்பெனியோ 30 வேண்டும் என்றது. டயரின் வடிவமைப்பிலும் கோளாறு இருந்தது. காற்றுக் குறைவில் சூடு ஏறியது. டயரின் மேல்பட்டை உரிந்து வண்டிகள் உருண்டன. இறந்தவர்கள் 270-க்கும் மேல். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். 2001-இல், ஏறக்குறைய நூறாண்டு உறவை முறித்துக்கொண்டு இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று கைகாட்டின. நாலு பவுண்டு காற்றுக்காக நடந்த சண்டை இது!

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அமெரிக்காவில் எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. அமெரிக்க விதிப்படி பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்த பிறகு அது எரிந்தால் போதும். 36 வைக்க வேண்டிய வண்டி 28-இல் ஓடினாலும் விளக்கு வாய் திறக்காது. ஐரோப்பிய விதியில் 20 சதவீதம். அபாயத்தைச் சொல்வதற்காக வந்த விளக்கை, பராமரிப்புக்குப் போதும் என்று விற்கிறார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அழுத்தத்தையும் எண்ணாகக் காட்டும் வண்டிகளும் உண்டு. காட்டட்டும், காற்று எங்கே கிடைக்கும் என்று அது சொல்லாது.

கையடக்க பம்ப் வாங்கிக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். அப்படிப் பார்த்தால் தீயணைப்புக் கருவியையும் வீட்டுக்கு வீடு வாங்கிக்கொள்ளலாம், நிலையம் எதற்கு? பம்ப் கையில் இருக்கிறதே என்று நாலு பவுண்டு கூட வைத்து, ரேஞ்ச் கூட்டுகிறோம் என்று பெருமை பேசும் கூட்டத்துக்கு மழையில் நனைந்த பர்லியார் வளைவுகள் பாடம் சொல்லும்.

நாலு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறைகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. அது பெட்ரோல் காருக்கு. அங்கே எரிபொருளின் பெரும்பகுதி என்ஜின் சூடாகவே வீணாகிறது. மின்காரில் பேட்டரியிலிருந்து புறப்படுவதில் பெரும்பகுதி சக்கரத்துக்கே போகிறது. சக்கரம் விழுங்குவது அப்படியே ரேஞ்சில் தெரியும். குன்னூர் போய்ச் சேருமா என்று பேட்டரி சதவீதத்தைப் பார்த்துப் பார்த்து வியர்ப்பவர்களில் பாதிப்பேருக்குப் புதிய சார்ஜர் தேவையில்லை, காற்றே போதும் என்பேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கம்ப்ரசர் நமக்கு எங்கிருந்தோ வர வேண்டிய சரக்கு அல்ல. 1960-இல் கோவையில் தொடங்கிய எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் உலகெங்கும் ஏர் கம்ப்ரசர் விற்கிறது. எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, மிஷலின், ஜே.கே., சியட் என்று டயர் ஆலைகள் வரிசையாக நிற்கும் மாநிலம் இது. தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை கோவையை மின்வாகன நகரங்களில் ஒன்றாகவும் அறிவித்திருக்கிறது. அறிவிப்புக்குக் குறைவில்லை.

காற்றுக் குழாயும் சரியான மீட்டரும் இல்லாத சார்ஜிங் நிலையத்துக்கு ஒரு பைசா மானியம் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே மானியம் வாங்கியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்து, அதற்குள் வைக்காவிட்டால் திருப்பி வசூலிக்க வேண்டும். டெல்லி யோசிக்கிறவரை காத்திருக்காமல் மாநில அரசு மேட்டுப்பாளையம் சாலையிலிருந்தே தொடங்கட்டும். அடுத்த ஊட்டி சீசனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.