ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அங்கன்வாடி வரை

பத்திரிகைகளில் மாதத்துக்கு இரண்டு முறையாவது ஒரு செய்தி வருகிறது. புற்றுநோய்க்குப் புதிய மருந்து கண்டுபிடிப்பு, நீரிழிவுக்கு விரைவில் விடிவு, ஒரு சொட்டு ரத்தத்தில் பத்து நோய்களை அறியும் கருவி என்றெல்லாம் தலைப்பு இருக்கும். நாமும் படித்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரிடம் இரண்டு வார்த்தை சொல்லி வியந்துவிட்டு, பைலைத் திறந்து வேலையைத் தொடங்குகிறோம். ஆறு மாதம் கழித்து சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரிக்குப் போனால் அதே பழைய மாத்திரையைத்தான் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். கண்டுபிடித்ததாகச் சொன்ன மருந்து எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலும் அது எங்கும் போவதில்லை. பிறந்த இடத்திலேயே, ஓர் ஆங்கில ஆராய்ச்சி சஞ்சிகையின் எட்டுப் பக்கங்களில், அது கண்ணை மூடிவிடுகிறது. ஆராய்ச்சிக்கூடத்தின் கதவுக்கும் மருந்துக் கடையின் கதவுக்கும் நடுவே உள்ள தூரம் அப்படிப்பட்டது. அந்தத் தூரத்தைக் கடந்து வந்த ஒரு மருந்தின் கதை நாம் வாழும் இந்தத் தலைநகரிலேயே இருக்கிறது. தினமும் டி.டி.சி. பஸ்ஸில் நாம் கடந்து போகும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், அதாவது எய்ம்ஸில், அது தொடங்கியது. ஆனால் தலைநகர்வாழ் தமிழர்களில் அதை அறிந்தவர் மிகச் சிலரே.

1980-களின் நடுப்பகுதி. எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சிசுக்களை வைத்திருக்கும் வார்டில், டாக்டர் எம்.கே. பான் என்ற குழந்தை வைத்தியரும் அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சிசுக்களின் மலத்தில் ரோட்டா வைரஸ் என்ற கிருமி இருந்தது. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிருமி அது. ஆனால் இந்தச் சிசுக்களோ சுகமாகப் பால் குடித்துத் தூங்கிக் கொண்டிருந்தன. வேறு யாராக இருந்தாலும் வார்டைக் கழுவச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர்களோ அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிறந்தவுடன் இந்தக் கிருமி தொற்றிய குழந்தைகளுக்குப் பின்னாளில் ரோட்டா வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கு அவ்வளவாக வரவில்லை என்று தெரிந்தது.

கிருமியை ஆராய்ந்தபோது காரணமும் ஓரளவு புலப்பட்டது. அது மனித ரோட்டா வைரஸ்தான். ஆனால் அதில் மாட்டு ரோட்டா வைரஸின் மரபணு ஒன்று கலந்திருந்தது. நோய் தராமல் எதிர்ப்புச் சக்தியை மட்டும் தரும் ஒரு கலப்பை இயற்கையே செய்து டில்லி ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்துவிட்டுப் போயிருந்தது! இங்கிலாந்தில் 1796-ல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தாரே, அதற்கு உறவுமுறையான சங்கதிதான் இது. அந்தக் கிருமிக்கு 116ஈ என்று எண் கொடுத்தார்கள்.

இந்தக் கிருமியைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இதைக் குழந்தைகளின் குடலில் கண்டார்கள். அதற்கு முன்பு எத்தனையோ குழந்தைகளின் சாவுக்குக் காரணம் பல் முளைக்கிறது, சூடு, திருஷ்டி என்றுதான் நம் வீடுகளில் சொல்லி வந்தார்கள். காய்ச்சிய தண்ணீரும் சோப்பும் காலராவைப் பெருமளவு நிறுத்தும். ரோட்டா வைரஸை அவ்வளவு நிறுத்தாது. பணக்கார நாட்டுக் குழந்தைக்கும் அது வருகிறது. ஆனால் அங்கே ஒரு மணி நேரத்தில் சலைன் ஏற்றிவிடுகிறார்கள். இங்கே உடம்பின் நீர் வற்றிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் மாறி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்க்கும் முன்பே காரியம் மிஞ்சிவிடுகிறது. 2014-ல் வெளியான ஒரு கணக்கின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 78,000 குழந்தைகள் ஆண்டுதோறும் இந்த ஒரு கிருமிக்குப் பலியாகி வந்தார்கள்.

சரி, 1980-களில் கையில் கிடைத்த கிருமி எப்போது மருந்தாயிற்று? 2014 ஜனவரியில்தான் 'ரோட்டாவேக்' என்ற பெயரில் அதற்கு லைசென்ஸ் கிடைத்தது. 2016 மார்ச்சில் ஆந்திரம், அரியானா, இமாசலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் அரசாங்கமே இலவசமாக ரோட்டா சொட்டு மருந்து தரத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2017-ல் வந்தது. நாடு முழுவதற்கும் எட்டியது 2019-ல். எய்ம்ஸ் வார்டில் அன்று தூங்கிய சிசுக்கள் வளர்ந்து, மணமாகி, தாங்களே பிள்ளை பெறும் வயதில், அந்தப் பிள்ளைகளின் வாயில் விழுந்தது சொட்டு.

இத்தனை ஆண்டுகள் ஏன் என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் கோபத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கைக்காகச் செலவான காலத்தைக் குறை சொல்வது தவறு. அமெரிக்காவில் 1998-ல் வந்த முதல் ரோட்டா தடுப்பு மருந்தை மறு வருடமே திரும்பப் பெற்றார்கள். சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் ஆபத்து தென்பட்டதுதான் காரணம். நோயில்லாத, கொழுகொழுவென்றிருக்கும் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து இது. முதலில் பெரியவர்களுக்கு, பிறகு வளர்ந்த குழந்தைகளுக்கு, கடைசியில் சிசுக்களுக்கு என்று படிப்படியாகச் சோதித்தார்கள். அதை அவசரப்படுத்தியிருந்தால் நாமே முதலில் சபித்திருப்போம்.

கோபம் கொள்ள வேண்டிய இடம் வேறு. ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதும் வரை பணம் தர சர்க்கார் இலாகாக்கள் உண்டு. மருந்து விற்கத் தயாரானபின் பணம் போட முதலாளிகள் உண்டு. நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. கிருமியைச் சுத்தமான முறையில் வளர்க்க வேண்டும். ஒவ்வொரு குப்பியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் சோதிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவில் எவருக்கும் பட்டமும் கிடையாது, லாபமும் கிடையாது. ரோட்டாவேக்குக்கு அதிர்ஷ்டம் இருந்தது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை விடாமல் ஆதரித்தது. அமெரிக்க விஞ்ஞானிகளும் அந்நாட்டு அரசு நிறுவனங்களும், நார்வே, பிரிட்டன் நாடுகளும், கேட்ஸ் அறக்கட்டளையும் உதவின. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் கம்பெனி தவணை ஒன்றை ஒரு டாலர் விலைக்கு அரசுக்குத் தர இசைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பான் என்ற மனிதர் கிருமியைக் கண்ட நாளிலிருந்து விடாப்பிடியாக நின்றார். 2004 முதல் 2012 வரை அந்தத் துறையின் செயலராகவே அவர் இருந்ததும் உதவியிருக்கும். 2020 ஜனவரியில் அவர் மறைந்தபோது தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை வரிகள் வந்தன என்று நினைவிருக்கிறதா? ஒரு நடிகரின் ஜலதோஷத்துக்கு அதைவிட அதிக இடம் கிடைக்கும்.

ஒரு மனிதரின் பிடிவாதத்தை நம்பி ஒரு நாடு மருந்து செய்ய முடியாது. பத்துக் கண்டுபிடிப்புகளில் ஒன்பதற்கு அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. நடுவழிச் செலவுக்கென்றே நிரந்தரமாக ஒரு நிதியும், அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த நிர்வாகிகளும் நமது பெரிய மருத்துவக் கல்லூரிகளில் இருக்க வேண்டும். வேகம் நம்மால் முடியாததல்ல. மதுரா ரோடில் உள்ள மரபணு ஆராய்ச்சிக் கழகத்தில் கொரோனா நோயைக் கண்டறிய 'ஃபெலூடா' என்ற காகிதச் சோதனையை உருவாக்கினார்கள். சத்யஜித் ரேயின் துப்பறியும் கதாநாயகன் பெயர் அது. 2020 செப்டம்பரில், சில மாதங்களுக்குள்ளேயே, அதற்கு அனுமதியும் கிடைத்தது. ஊரே பயந்திருந்த நாளில் எல்லாக் கதவுகளும் தாமாகத் திறந்தன. ஏழைக் குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு யார் பயப்படுகிறார்கள்?

நமது தாயகத்தின் உதாரணம் ஒன்று இதைவிடப் பழையது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியாசிடும் அதற்கு முன்பே வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடங்களில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் மருந்து கொடுத்தாலும் நோயாளி சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பதே அன்றைய வைத்திய சாஸ்திரம். சென்னையின் ஏழைத் தொழிலாளிக்குச் சானட்டோரியத்தில் படுக்கையும் இல்லை. இருந்தாலும் படுத்துவிட்டால் குடும்பத்துக்குச் சோறும் இல்லை. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை சானட்டோரியத்திலும் மறு பிரிவினரை அவர்களுடைய நெரிசலான வீடுகளிலேயேயும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் வெளியான முடிவு உலகையே திகைக்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. இன்று உலகமெங்கும் காசநோயாளி தன் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் அதற்கு வழி காட்டியது சேத்துப்பட்டு. புது மருந்து எதையும் அங்கே கண்டுபிடிக்கவில்லை. இருக்கிற மருந்து ஏழைக்கு எட்டுவது எப்படி என்று கண்டுபிடித்தார்கள். அதுவும் ஆராய்ச்சிதான், என்னைக் கேட்டால் அதுவே பெரிய ஆராய்ச்சி.

ரோட்டாவேக்கின் கடைசிச் சோதனை 2011 மார்ச்சில் தொடங்கியது. ஏறத்தாழ 6,800 சிசுக்கள். பாதிக்கு மேல் டில்லிக் குழந்தைகள். மற்றவர்கள் புணேயையும் நமது வேலூரையும் சேர்ந்தவர்கள். வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் போன்ற நிபுணர்கள் இதில் முன்னின்றார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு மருந்து, ஒரு பங்குக்கு மருந்தில்லாத சொட்டு. எது யாருக்கு என்று கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. கடும் ரோட்டா வயிற்றுப்போக்கு 54 சதவீத அளவுக்குக் குறைந்தது. பாதிதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். வெளிநாட்டுக் கம்பெனிகளின் விலையுயர்ந்த ரோட்டா மருந்துகளும் ஆசிய, ஆப்பிரிக்க ஏழை நாடுகளில் சுமார் பாதிப் பலனே தந்திருக்கின்றன. பின்னர் பல மாநில மருத்துவமனைகளில் பார்த்தபோதும் இந்த மருந்தின் பலன் ஏறக்குறைய இதே அளவில் இருந்தது. 78,000-த்தில் பாதி என்பது எத்தனை தொட்டில்கள்!

அந்தப் பெற்றோர்களின் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அவர்களுக்கு ஒரு கடன் இருக்கிறது. சோதனையில் ஒவ்வொரு மையத்திலும் என்ன நடந்தது, குடல் செருகல் எத்தனை குழந்தைகளுக்கு என்பதைத் தனித்தனியாக, முக்கியமாக வேலூர்க் கணக்கை, வெளியிட வேண்டும் என்று சில டாக்டர்கள் கேட்டார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போயிற்று. மையவாரியாகப் பிரித்தால் எண்ணிக்கை சிறுத்துத் தவறான முடிவு தோன்றும் என்பது எதிர்த்தரப்பு வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. இருந்தும், பொதுப்பணத்தில், ஏழைக் குழந்தைகளிடம் நடந்த சோதனையின் கணக்கு ஏட்டைத் திறந்து வைத்துவிட்டு, அப்புறம் விளக்கம் சொல்வதே முறை. மூடி வைத்த ஏடு நல்ல மருந்துக்கும் கெட்ட பெயரைத் தேடித் தரும்.

இனி நம் வீட்டு விஷயம். இந்தச் சொட்டு மருந்து குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தரப்படுகிறது. டில்லித் தமிழ்க் குடும்பத்தில் அந்த வாரங்களில் குழந்தை எங்கே இருக்கும்? ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போன பெண், கைக்குழந்தையுடன் திரும்புவது மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ. முதல் தவணை விழுப்புரத்துப் பக்கத்துக் கிராமத்தில். இரண்டாவது, போக்குவரத்தில் காணாமல் போகிறது. மூன்றாவதுக்கு டில்லி அங்கன்வாடிக்குப் போனால், அட்டையில் ஊர் நர்ஸம்மா தமிழில் எழுதிய குறிப்பு இங்குள்ள நர்ஸுக்குப் புரிவதில்லை. இங்கிருந்து இந்தி அட்டையுடன் ஊருக்குப் போனால் அங்கே அதே கதை. முப்பது வருடம் பாடுபட்டு எய்ம்ஸிலிருந்து புறப்பட்ட மருந்து, இரண்டு மொழிகளுக்கு நடுவே நின்றுவிடுகிறது.

வீடு மாறுவதும் உண்டு. 2025 ஜூன் மாதம் ஜங்புரா அருகே மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டு, ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நரேலாவில் இடம் கொடுத்தார்கள். மற்றவர்கள் கிடைத்த இடம் தேடிப் போனார்கள். கூரை போனால் தெருவில் நின்றாவது அழுகிறோம். எந்த அங்கன்வாடிப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருந்தது என்பது அந்த அவசரத்தில் யாருக்கு நினைவு வரும்?

டில்லி அரசும் தமிழக அரசும் செய்யக்கூடியது சிறிய காரியம். தடுப்பூசி அட்டையில் மருந்தின் பெயரும் தேதியும் உள்ளூர் மொழியோடு ஆங்கிலத்திலும் தெளிவாக இருக்கட்டும். நமது தமிழ்ச் சங்கங்களும் பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, இரண்டு மொழியும் தெரிந்த இரண்டு பேரை உட்கார வைத்து அட்டைகளைப் பார்த்துச் சொல்லலாம். முதல் தவணையைக் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் தொடங்கியிருந்தால், விட்டுப்போன மீதித் தவணைகளை நான்கு வார இடைவெளியில் கொடுத்து முடிக்கிறார்கள். எந்த மாநிலத்தில் தொடங்கினாலும் எந்த மாநிலத்திலும் முடிக்கலாம், காசு கிடையாது. ஊரிலிருந்து மனைவியும் குழந்தையும் புறப்படும்போது, ஊறுகாய் ஜாடி, அப்பளக்கட்டு எல்லாம் பெட்டியில் வைத்தாயிற்றா என்று போனில் கேட்கிறோம் அல்லவா? அந்த அட்டையையும் கேட்டு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.