பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் கூடாதா?

1966-ல் பட்டுக்கோட்டையில் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் படித்த தோழர் யூமா வாசுகி, குடிகாரத் தகப்பனிடம் அடிபடும் பிள்ளைகளின் வேதனையை 'ரத்த உறவு' என்னும் நாவலாக எழுதினார். பெரியவர்கள் படித்து வெட்கப்பட வேண்டிய புத்தகம் அது. பிள்ளைகளுக்கென்றே கதைகள் எழுதியும், மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்தும் கொடுத்தார். 'தன்வியின் பிறந்தநாள்' என்னும் அவரது சிறுவர் கதைகளுக்கு 2024-ல் சாகித்திய அகாதெமி பரிசளித்தது. சந்தோஷமே. ஆனால், 1954-ல் ஏற்பட்ட அகாதெமிக்குச் சிறுவர் இலக்கியத்துக்கென்று முதற்பரிசு கொடுக்க 2010 வரை ஆயிற்றே, ஏன்?

அகாதெமியை மாத்திரம் குறை சொல்வானேன்? நம் தஞ்சைக் குடியானவர், மகனுக்கு மொட்டையடித்துக் காது குத்த அறுவடைப் பணத்தை அள்ளி இறைக்கிறார். அவன் கதைப் புத்தகம் கேட்டாலோ, "படிப்புக் கெட்டுப்போகும்" என்கிறார். பேய்க் கதையும் பூதக் கதையும் சொல்லிச் சோறூட்டும்போது கெடாத புத்தியா இதில் கெட்டுவிடும்? அடிபடும் பிள்ளை, தன்னைப் போல் இன்னொரு பிள்ளையும் உண்டென்று வேறெங்கே போய்த் தெரிந்துகொள்ளும் என்று நாம் கேட்கிறோம்.