விரல் நீட்டாத பிள்ளை

சனிக்கிழமை மத்தியானக் கூட்டம் கலைந்து, கோப்பைகளும் கழுவி முடிகிற நாலு மணிக்குத்தான் நாங்கள் ஆளோடு ஆள் ஆறுதலாகக் கதைக்கிறது. சன்னிவேலில், எல் காமினோ தெருவில், 'இந்திய' உணவகம் ஒன்றின் குசினிக்குப் பின்பக்கம், கவிழ்த்த எண்ணெய் வாளிகளின் மேல் இருந்துகொண்டு. போன மாதம் அந்த இடத்துக்கு ஒரு கடதாசி வந்தது. எங்களில் ஒருவரின் மகளுக்கு மூன்று வயது. பாலர் வகுப்புக்குக் கூட்டிப்போன இடத்தில் பிள்ளையை முக்கால் மணித்தியாலம் 'அவதானித்து' நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டுப்பட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் படிப்பு பாதியிலே அறுந்து போனவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். மாவுக்கையைத் துடைத்துவிட்டு வாசித்தோம்.

கண்ணோடு கண் பார்ப்பதில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை. பந்து எங்கே என்றால் விரல் நீட்டுவதில்லை. 'ஆம்' 'இல்லை' என்பதற்கான சைகைகள் தெளிவில்லை. விளையாட்டின் நடுவில் காரணமின்றிக் 'கையசைத்து விடைபெற்றாள்'. இவற்றைக் கூட்டிக் கழித்து, வளர்ச்சியில் பிந்திய பிள்ளை, விசேட வகுப்புக்கு யோசிக்கலாம், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசவும் என்று முடிவு.

தாய் அழவில்லை. சிரித்தா. பிறகுதான் அழுதா. ஏனென்றால் நடந்தது முழுக்கத் தாய்க்கு விளங்கியிருந்தது. பிள்ளை தலையை இரண்டு பக்கமும் சாய்த்தது 'ஓம்' என்பதற்கு. நாக்கை அண்ணத்தில் தட்டிச் 'ச்சு' என்றது 'இல்லை' என்பதற்கு. அந்த 'விடைபெறல்', உள்ளங்கை நிலத்தைப் பார்க்க விரல்களை மடக்கி மடக்கி, 'இஞ்சை வாங்கோ' என்று அந்த அம்மணியைத் தன் விளையாட்டுக்குக் கூப்பிட்டது. வா என்று கூப்பிட்ட பிள்ளையைப் போகிற பிள்ளை என்று எழுதிவிட்டார்கள்.

பந்துக் கதைக்கு வருவோம். பந்து இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. பெரிய மனுசி அதைப் பார்த்துக்கொண்டே 'பந்து எங்கே?' என்கிறா. எங்கள் வீடுகளில் தெரிந்த விசயத்தைப் பெரியவர்கள் பிள்ளையிடம் கேட்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான்: 'ஆர் இதை உடைச்சது?' அந்தக் கேள்விக்கு வாயைத் திறக்காமல் நிலத்தைப் பார்ப்பதுதான் புத்தியுள்ள பிள்ளைக்கு அழகு. எங்கள் மகளும் அதைத்தான் செய்தாள்.

இது எங்களுடைய குசினித் தத்துவம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். பக்கத்திலுள்ள ஸ்ரான்போர்ட்டில் பல வருடம் படிப்பித்த ஷேர்லி பிறைஸ் ஹீத், தெற்கு மாநிலங்களான கரோலினாப் பகுதியில் கறுப்பு, வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்களோடு வருடக்கணக்காகப் பழகி 1983 இல் எழுதிய புத்தகத்தில், விடை தெரிந்துகொண்டே கேட்கும் இந்தக் கேள்வி நடுத்தர வர்க்க வீட்டின் பழக்கம், பிள்ளைப் பருவத்தின் இயற்கை அல்ல என்று காட்டியிருக்கிறார். 17ஆம் இலக்கப் பாதையால் மலை தாண்டினால் சாந்தா குரூஸ். அங்கேதான் பார்பரா றோகொஃப். 1993 இல் ஜயந்தி மிஸ்திரி, ஆர்ட்டின் கோஞ்சு, கிறிஸ்ரின் மோசியர் ஆகியோருடன் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். மிஸ்திரியும் கோஞ்சுவும் பிற்பாடு பிள்ளை வளர்ச்சி, கல்வித் துறைகளில் பேராசிரியர்கள் ஆனவர்கள். குவாத்தமாலாவின் மாயன் ஊரான சான் பெட்ரோ, அமெரிக்காவின் சோல்ற் லேக் சிற்றி, இந்தியாவில் டோல்-கி-பட்டி என்ற பழங்குடிக் கிராமம், துருக்கியில் அங்காராவின் கெச்சியோரன். நாலு இடத்திலும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டிலே வைத்துப் பார்த்தார்கள்.

கண்டது என்ன? சோல்ற் லேக்கிலும் கெச்சியோரனிலும் தாய்மார் பிள்ளைக்கு முன்னால் இருந்து, சொல்லிச் சொல்லி, பாடம்போல நடத்தினார்கள். சான் பெட்ரோவிலும் டோல்-கி-பட்டியிலும் பெரியவர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டே, பிள்ளை தேடும்போது உதவத் தயாராக இருந்தார்கள். பார்வையாலும் தொடுகையாலும் உடல் திரும்பும் விதத்தாலுமே கனக்கக் கதைத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விசயங்களைக் கவனித்தார்கள். சோல்ற் லேக் பிள்ளை ஒன்றைப் பார்த்தால் மற்றதை விட்டுவிடும். இதைத் தலைகீழாக வைத்து யாராவது ஒரு சோதனைத்தாள் அச்சடித்தால், மெத்தப் படித்த தாய்தகப்பனின் எத்தனை பிள்ளைகள் 'கவனக் குறைபாடு' என்று விசேட வகுப்புக்குப் போவார்கள்? அப்படி ஒரு தாளை யாரும் அச்சடிக்கவில்லை. அச்சகம் அவர்களுடையது.

எங்கள் பிள்ளையும் அம்மம்மா தோசை சுடுவதை, தம்பி தொட்டிலில் திரும்புவதை, தகப்பன் சப்பாத்துக் கழற்றும் சத்தத்தை ஒன்றாகக் கவனிக்கிற பிள்ளைதான். அம்மம்மா கண்ணைக் காட்டினால் போய்க் கரண்டி எடுத்து வருவாள். அம்மம்மா அவளுடைய உள்ளங்கையில் சோறு பிசைகிறமாதிரிப் பிசைந்து, விரல் விரலாய் மடக்கிப் பங்கு கொடுத்து, கடைசியில் நண்டு கைவழியே ஏறிக் கமக்கட்டில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டை எத்தனை தரம் கேட்பாள்! கொடுத்தல், பங்கு, முறை, எதிர்பார்ப்பு எல்லாம் அந்த ஒரு கைக்குள் இருக்கிறது. நாலு பக்கக் கடதாசியில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

கையைப் பற்றி இன்னொன்று. குடாவின் மறுகரையில் பேர்க்லி. அங்கே கல்வித்துறைப் பேராசிரியராக இருந்த ஜெஃப்ரி சாக்ஸ் (வறுமையை ஒழிக்கப் புத்தகம் எழுதிய பொருளாதாரக்காரர் வேறு ஆள்) 1978 இல் பப்புவா நியூகினியின் ஒக்சப்மின் மக்களிடம் போனார். அவர்கள் ஒரு கையின் பெருவிரலில் ஒன்று என்று தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை, தோள், காது, கண் என்று ஏறி, மூக்கில் பதினாலைத் தொட்டு, மறுபக்கத்தால் இறங்கி, மற்றக் கையின் சின்னவிரலில் 27 இல் முடிப்பவர்கள். சாக்ஸ் இதை 'பின்தங்கிய எண்ணல்' என்று எழுதிவிட்டு வரவில்லை. 1980 இலும் 2001 இலும் திரும்பப் போனார். காசும் கடைகளும் வந்தபோது சனங்கள் அதே உடம்பை வைத்தே கூட்டலையும் கழித்தலையும் புதிதாக உண்டாக்கிக்கொண்டதைப் பின்தொடர்ந்து, 2012 இல் முழுப் புத்தகமாக்கினார். பிரேசிலின் தெருக்களில் மிட்டாய் விற்கும் பையன்களையும் பார்த்தார். எழுதிய எண்ணில் தடுமாறுகிறவன், காசுத்தாளைப் பார்த்துப் பெருந்தொகைகளைக் கூட்டிக் கழிக்கிறான், இத்தனைக்கு இத்தனை என்று இலாபம் வைக்கிறான்.

எங்கள் ஆச்சிமார் விரற்கணுக்களில் எண்ணியவர்கள். நாலு விரலில் பன்னிரண்டு கணு, பெருவிரல்தான் எண்ணுகோல். இங்கே எங்களோடு வேலை செய்யும் அண்ணை இன்றைக்கும் இருபது மேசைக் கணக்கை அப்படித்தான் வைத்திருக்கிறார். முதலாளியின் கொம்பியூட்டர் படுத்த அன்று அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் எங்கள் மகன் வகுப்பில் கணு தொட்டு எண்ணியபோது வந்த செய்தி, 'விரலை நம்பியிருக்கிறான்' என்று.

எங்கள் கோபம் இந்தப் பேராசிரியர்களோடு அல்ல. முழுக்க அல்ல என்றும் சொல்ல வேண்டும். முப்பது நாற்பது வருடமாக அறிந்த ஒன்று, மலையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துச் சோதனைத்தாளுக்கு ஏன் வந்து சேரவில்லை? எங்களைப் போன்ற சனங்களின் பிள்ளைகளை வீடியோ எடுத்துப் பட்டங்களும் பதவிகளும் வந்தன. பிள்ளைக்கு வந்தது பழைய தாள்.

எண்ணிக்கைக்காரரும் இருக்கிறார்கள். 1995 இல் ஹார்ட், றிஸ்லி என்ற இரண்டு பேர் கன்சாஸில் 42 குடும்பங்களை வைத்து, ஏழைப் பிள்ளை 3 கோடி சொற்களைக் குறைவாகக் கேட்கிறது என்றார்கள். அந்த 42 இல் அரச உதவியில் வாழ்ந்தவை ஆறே ஆறு. பிள்ளையை நோக்கிச் சொல்லாத, ஆனால் பிள்ளையைச் சுற்றிப் பேசப்படும் பேச்சை அவர்கள் எண்ணவில்லை. 2019 இல் டக்ளஸ் ஸ்பெரி முதலானோர் அதையும் சேர்த்து எண்ணியபோது அந்தப் 'பள்ளம்' ஆட்டம் கண்டது. 2009 இல் சிக்காகோவில் மெரடித் றோவும் சூசன் கோல்டின்-மெடோவும் சைகையையே எண்ணினார்கள்: பதினாலு மாதத்தில், 90 நிமிடத்தில், வசதியான வீட்டுப் பிள்ளை சைகையால் 24 வேறு வேறு அர்த்தங்களைச் சொல்கிறது, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை 13. எண்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. கவனமான ஆய்வு. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் கண்டுபிடிக்கும் மருந்து என்ன? ஏழைத் தாய்க்கு விரல் நீட்டப் படிப்பிப்பது! தாய் இரண்டு வேலைக்குப் போகிறா, நின்ற நிலையில் பிள்ளைக்குச் சோறு தீத்துகிறா என்பதற்கு மருந்து இல்லை.

இந்த மாநிலத்துக்கு இது புதிதும் அல்ல. 1970 இல் டயானா வழக்கு. மெக்சிக்கோ வழிவந்த ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து மந்தபுத்தி வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானியத்தையும் சேர்த்துத் திரும்பச் சோதித்தபோது சராசரி 15 புள்ளி ஏறியது. 1974 இல் சான்பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகளுக்காக லாவ் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் வென்றது. 1979 இல் கறுப்புப் பிள்ளைகளை நுண்மதிச் சோதனையால் அப்படியான வகுப்புகளில் தள்ளியதை லாறி பி. வழக்கில் நீதிபதி பெக்கம் தடுத்தார். 1975 இன் மத்திய சட்டமே பிள்ளையின் தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்கிறது ('சாத்தியமில்லாத இடம் தவிர' என்று ஒரு வாலும் உண்டு, அந்த வாலில்தான் தமிழ் தொங்குகிறது). பிறகு 1998 இல் இதே கலிபோர்னியா 227ஆம் பிரேரணையால் இருமொழி வகுப்புகளை வாக்குப் போட்டு நெரித்தது. 2016 இல் 58ஆம் பிரேரணையால்தான் கையை எடுத்தது. அந்தப் பதினெட்டு வருடத்தில் பாலர் வகுப்புக்குப் போன எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் இன்று அம்மம்மாவுடன் ரெலிபோனில் சிரிக்க மட்டும் தெரிந்தவர்கள்!

இதிலே எங்கள் பங்கும் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்று எழுதித் தந்ததும் அடுத்த நாளே கீழ்ப்படிகிறவர்கள் நாங்கள். எந்த ஆங்கிலம்? 'ஓடர் றெடி', 'ரேபிள் சிக்ஸ்', 'சொறி சேர்'. இருநூறு சொல் தெரிந்த மொழியில் பிள்ளையைத் தாலாட்டவும் ஏசவும் கதை சொல்லவும் வெளிக்கிட்டு, கடைசியில் வீடே மௌனமாகிறது. அதன் பிறகு சோதனைக்காரர் வந்து 'வீட்டில் பேச்சுக் குறைவு' என்று எழுதும்போது அது உண்மையாகவும் இருக்கும்.

மற்றப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. எங்களில் இன்னொருவரின் மகன் மூன்றரை வயது வரை கதைக்கவில்லை. 'தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவன்' என்று எல்லோரும் சேர்ந்துதான் சொன்னோம். பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிய வந்தபோது இரண்டு வருடம் போய்விட்டது. 'எங்கட கலாசாரம் அப்பிடி' என்பதற்குப் பின்னால் நாங்கள் ஒளிந்தால், அந்தத் தாளை அச்சடித்தவர்களுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருவருமே பிள்ளையைப் பார்க்கவில்லை. எங்கள் மகளுக்கும் உண்மையில் ஏதாவது உதவி தேவைப்படலாம். அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறோம்: தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க, அம்மம்மா மடியில் வைத்து, முதலில் காதையும் பார்த்துவிட்டு, திரும்பச் சோதியுங்கள்.

இதை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட்டு, பிரதி வைத்துக்கொண்டு, நேரே கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிய பிள்ளை முத்திரை குத்தித் தந்தது. வருகிற வியாழன் காலை பத்து மணிக்குக் கூட்டம். தகப்பனுக்கு அன்று வெங்காயம் உரிக்கும் முறை. அதை எங்களில் ஒருவர் பார்க்கிறார். மற்ற இருவர் கூடப் போகிறோம். அம்மம்மாவும் வாறா. 'வாயைத் திறக்காதேங்கோ அம்மா, அவையளுக்குத் தமிழ் தெரியாது' என்று மருமகன் சொன்னதற்கு அவ ஒன்றும் சொல்லவில்லை. நாக்கை மட்டும் தட்டினா.